கோடு ஏன் மெலிந்துகொண்டே போனது? இங்க்ஸ்கேப்பில் 64 கோலம், 19 நாள், 5,800 ரூபாய்

மார்கழிக்கு வரவிருந்த ஒரு கோலப் புத்தகத்துக்கு 64 கோலங்களைக் கணினியில் வரைந்து தர ஒப்புக்கொண்டிருந்தேன். கோலத்துக்கு 150 ரூபாய், மொத்தம் 9,600. கேட்ட அளவு எளிமையானது: இழை 1.2 மி.மீ. தடிமனில் காவி நிறம், புள்ளி 2 மி.மீ. விட்டத்தில் கறுப்பு. கணினியில் கோடும் வடிவமும் வரைய உதவும் இங்க்ஸ்கேப் எனக்குப் பழகிய மென்பொருள் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அதுவரை நான் அதில் செய்ததெல்லாம் விசிட்டிங் கார்டும் விழா அழைப்பிதழும்தான். கட்டமும் வட்டமும் எழுத்துமாகவே வேலை முடிந்துவிடும். பென்சில் கருவியைக் கையில் எடுத்து நாள்முழுக்க இழை இழுத்தது இதுதான் முதல் தடவை. முதல் 22 கோலங்களை மாதிரிப் படிக்கு அனுப்பினேன். அச்சகத்திலிருந்து வந்த பதில்: "என்னம்மா, ஒரு இழை கயிறு மாதிரி இருக்கு, ஒரு இழை நூல் மாதிரி இருக்கு. பார்த்துட்டுத்தான் அனுப்புனீங்களா?" உண்மையைச் சொன்னால், பார்க்கவில்லை. திரையில் 400 சதவீதம் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வரைகிறவள் கண்ணுக்கு நூலும் கயிறாகத்தான் தெரியும்.

நடந்தது இதுதான். பென்சிலால் ஒரு வளைவு இழுப்பேன். கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எஃப் அழுத்தி 'ஃபில் அண்ட் ஸ்ட்ரோக்' பலகையைத் திறந்து தடிமன் 1.2, நிறம் காவி என்று வைப்பேன். கோடு அழகாக மாறும். அடுத்த வளைவை இழுத்தால் மறுபடி மெல்லிய கறுப்புக் கோடு. மறுபடி மாற்றுவேன், மறுபடி மெலியும். ஒரு சிக்குக் கோலத்தில் முப்பது நாற்பது துண்டு இழை வரும். ஒவ்வொன்றுக்கும் இதைச் செய்தால் நாலைந்து எப்படியும் விட்டுப்போகும். அச்சகத்துக்காரர் கண்ணில் பட்டவை அவைதான். இதோடு இன்னொரு விநோதமும் சேர்ந்துகொண்டது. வட்டக் கருவியால் புள்ளி வைத்தால், கறுப்புப் புள்ளியைச் சுற்றித் தடித்த காவி வளையம் ஒட்டிக்கொண்டு வந்தது. அதாவது பென்சிலுக்கு நான் வைத்ததை பென்சில் மறந்துவிடுகிறது, சம்பந்தமே இல்லாத வட்டம் அதை எடுத்துக்கொள்கிறது. மென்பொருளுக்குப் பேய் பிடித்துவிட்டது என்றுதான் தோன்றியது.

அந்த எரிச்சலில் நான் செய்த முதல் காரியம், இங்க்ஸ்கேப்பை அழித்துவிட்டு மறுபடி நிறுவியது. ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. நாலாவது தடவைக்கு சர்வீஸ் பையனை வரவழைத்தேன். "அக்கா, வைரஸா இருக்கும்" என்று சொல்லி ஸ்கேன் ஓட்டி, குப்பையைச் சுத்தம் செய்து, மீண்டும் நிறுவிக் கொடுத்துவிட்டு 600 ரூபாய் வாங்கிக்கொண்டு போனான். ஒன்றும் மாறவில்லை. மாறாது என்பதற்கான காரணம் பிறகுதான் புரிந்தது. விண்டோஸில் நிரல் இருப்பது 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறையில். உங்கள் விருப்ப அமைப்புகள் இருப்பதோ உங்கள் பயனர் கோப்புறைக்குள் 'ஆப்டேட்டா', அதற்குள் 'ரோமிங்', அதற்குள் 'இங்க்ஸ்கேப்' என்ற தனி இடத்தில். நிரலை அழிக்கும்போது இந்த இடம் அப்படியே விடப்படுகிறது. பழைய அமைப்பு தொலையக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் கோளாறே அந்த அமைப்பில் இருந்தால், எத்தனை தடவை நிறுவினாலும் அதே கோளாறு காத்திருந்து வரவேற்கும். ஆகவே அமைப்பு சரியாக நிற்கவில்லை என்றால் முதல் வேலையாக மறுநிறுவல் செய்யாதீர்கள். அதைவிட முன்பாக ஒன்றைக் கவனித்து எழுதிவையுங்கள்: அமைப்பு எப்போது மாறுகிறது? அடுத்த கோட்டிலா, பெரிதாக்கிச் சிறிதாக்கும்போதா, வரைபலகைப் பேனாவைத் தொடும்போதா, புதுக் கோப்பிலா, மறுநாள் காலையிலா? இந்த ஐந்துக்கும் ஐந்து வேறு காரணங்கள். எனக்கு ஐந்தும் ஒரே மாதத்தில் வந்ததால் எல்லாவற்றையும் ஒரே நோய் என்று எண்ணி மருந்து தேடிக்கொண்டிருந்தேன்.

முதலில் அடுத்த கோட்டிலேயே மாறும் சங்கதி. இங்க்ஸ்கேப்பில் ஒவ்வொரு வரையும் கருவிக்கும் இரண்டு வழிகளில் ஒன்று அமைந்திருக்கும். ஒன்று 'லாஸ்ட் யூஸ்டு ஸ்டைல்', அதாவது கடைசியாக எந்தப் பொருளுக்கு என்ன நிறமும் தடிமனும் கொடுத்தீர்களோ அதையே அடுத்த பொருளுக்கும் கொடுப்பது. இன்னொன்று 'திஸ் டூல்ஸ் ஓன் ஸ்டைல்', அதாவது வெளியே என்ன மாறினாலும் கருவி தன்னிடம் உள்ள சொந்தப் பாணியையே பிடித்துக்கொண்டிருப்பது. நிறுவியவுடன் கட்டம், வட்டம், நட்சத்திரம் முதலிய வடிவங்கள் முதல் வழியில் இருக்கின்றன. பென்சிலும் பேனாவும் எழுத்துக் கருவியும் இரண்டாவது வழியில் இருக்கின்றன. பென்சிலின் சொந்தப் பாணி உள்நிரப்பு இல்லாத 1 பிக்சல் கறுப்புக் கோடு. நான் காவியும் 1.2-ம் கொடுத்தது வரைந்து முடித்த கோட்டுக்கு. பென்சிலுக்கு அதைப் பற்றித் தெரியவே தெரியாது. ஆனால் 'கடைசியாகப் பயன்பட்ட பாணி' என்ற பொதுப் பலகையில் அது பதிந்துவிட்டது. வட்டக் கருவி அந்தப் பலகையைப் பார்த்து நடப்பதால் புள்ளிக்குக் காவி வளையம் வந்தது. பேய் இல்லை, இரண்டு கருவிக்கும் இரண்டு விதி, அவ்வளவுதான்.

சரிசெய்வது ஒரு நிமிட வேலை. உங்களுக்கு வேண்டிய நிறம், தடிமன், முனை வடிவம் எல்லாவற்றோடும் ஒரு மாதிரிக் கோடு வரையுங்கள். அதைத் தேர்ந்தெடுத்த நிலையிலேயே இடப்பக்கக் கருவிப்பெட்டியில் பென்சில் படத்தின் மேல் இரட்டைச் சொடுக்கு கொடுங்கள். பென்சிலுக்கான விருப்பப் பக்கம் திறக்கும். அதில் 'திஸ் டூல்ஸ் ஓன் ஸ்டைல்' குறியிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, பக்கத்தில் உள்ள 'டேக் ஃப்ரம் செலெக்‌ஷன்' பொத்தானை அழுத்துங்கள். இனி பென்சில் எடுத்தாலே காவி, 1.2 மி.மீ. இதேபோல் கறுப்பு நிரப்பு உள்ள, ஓரக்கோடு இல்லாத ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து, வட்டக் கருவியையும் சொந்தப் பாணிக்கு மாற்றி அதே பொத்தானை அழுத்துங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொற்றாது. சிலர் பென்சிலை 'லாஸ்ட் யூஸ்டு ஸ்டைல்' வழிக்கு மாற்றச் சொல்வார்கள். பல நிறத்தில் இழை மாற்றி மாற்றி வரைபவர்களுக்கு அது வசதிதான். ஒரே தடிமன் கட்டாயம் என்கிற அச்சு வேலைக்கு அது ஆபத்து, வழியில் எதையாவது தொட்டு நிறம் மாற்றினால் அடுத்த இழையும் சேர்ந்து மாறிவிடும்.

இந்த இரண்டு விதிகளும் திரையில் இரண்டு மூலைகளில் தெரிகின்றன, அதையும் சொல்லிவிடுகிறேன். கீழே இடது மூலையில் உள்ள சின்ன நிறக் கட்டம், தேர்ந்தெடுத்த பொருளின் நிறத்தையும் தடிமனையும் காட்டும். மேலே கருவிப் பட்டையின் வலது ஓரத்தில் உள்ள நிறக் கட்டம், இந்தக் கருவி அடுத்து வரையப்போகும் பொருளின் பாணியைக் காட்டும். நான் பல நாள் கீழ் மூலையைப் பார்த்து "காவிதானே இருக்கிறது" என்று நம்பிக்கொண்டிருந்தேன். வரையும் முன் பார்க்க வேண்டியது மேல் மூலை. அதைச் சொடுக்கினால் அந்தக் கருவியின் விருப்பப் பக்கமே நேரே திறக்கும்.

இதில் ஒரு வரம்பு உண்டு. 'டேக் ஃப்ரம் செலெக்‌ஷன்' தட்டையான நிறத்தையும் தடிமனையும் முனை வடிவத்தையும் எடுத்துக்கொள்ளும். நிறச் சாயல் மாறிவரும் கிரேடியன்ட், அம்புமுனை போன்ற மார்க்கர், மங்கல் போன்ற ஃபில்டர் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளாது. காரணம், அவை அந்தந்தக் கோப்புக்குள் தனியே வரையறுக்கப்பட்டு, கோடு அவற்றைச் சுட்டிக்காட்டிக்கொண்டு மட்டும் நிற்கும். வேறு கோப்பில் சுட்டுவதற்கு அங்கே ஆள் இருக்காது. ஆகையால் கிரேடியன்ட் கோடு பென்சிலில் நிற்கவில்லை என்றால் அதைக் கோளாறு என்று நினைத்து மல்லுக்கட்டாதீர்கள்.

அன்று மாலை ஆறு கோலம் ஒரே மூச்சில் முடித்தேன். ஒரு இழைகூடப் பிசகவில்லை. நிம்மதியாகத் தூங்கி எழுந்து காலையில் திறந்தால், பென்சில் பழையபடி மெல்லிய கறுப்பு. அழுகையே வந்துவிட்டது. அந்த நேரத்தில் நான் செய்த தவறு பெரிது: முந்தின நாள் கண்டுபிடித்த வழியே தப்பு என்று முடிவுகட்டி, அதை விட்டுவிட்டு வேறு எதையோ தேடப் போனேன். வழி சரிதான், அதற்கடியில் இன்னொரு கோளாறு இருந்தது. ஒரு மருந்து பாதி வேலை செய்தால் அதைக் கொட்டிவிடக் கூடாது, மீதிப் பாதி எங்கே தடைபடுகிறது என்று பார்க்க வேண்டும். எனக்கு இது உறைக்க எட்டு நாள் ஆயிற்று.

அந்த எட்டு நாளில் பழி விழுந்தது, கணினியோடு இணைத்துப் பேனாவால் வரையும் என் வரைபலகை மேல். பேனாவைப் பலகையில் வைத்தால் சில சமயம் பென்சில் கருவி தானே வேறு கருவியாக மாறும். பலகை பழசு, பேனா முனை தேய்ந்துவிட்டது என்று எண்ணி 3,800 ரூபாய் கொடுத்து வேறொன்று வாங்கினேன். புதுப் பலகையிலும் அதே கூத்து. பேனா முனை, பேனாவின் பின்பக்க அழிப்பான், மவுஸ் மூன்றையும் இங்க்ஸ்கேப் தனித்தனிச் சாதனங்களாகப் பார்க்கிறது. எதைக் கையில் எடுக்கிறீர்களோ அதில் கடைசியாக எந்த வரையும் கருவியை வைத்திருந்தீர்களோ அதற்கு மாறும்படி ஒரு அமைப்பு இருக்கிறது. மவுஸால் தேர்வுக் கருவி எடுத்து எதையாவது நகர்த்திவிட்டுப் பேனாவைத் தொட்டால், பேனாவோடு வேறொரு கருவி வருவது இதனால்தான். 'எடிட்' மெனுவில் 'பிரிஃபரன்ஸஸ்' போய், 'இன்புட்/அவுட்புட்' பிரிவில் 'இன்புட் டிவைசஸ்' பக்கத்தில், பலகைச் சாதனத்துக்கு ஏற்ப வரையும் கருவியை மாற்றுவதற்கான குறியை எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. 3,800 ரூபாய்க்கு ஒரு சின்னக் கட்டத்தில் உள்ள குறி. பழைய பலகை இன்றைக்கும் நன்றாக வேலை செய்கிறது. பலகையை இங்க்ஸ்கேப் திறப்பதற்கு முன்பே இணைத்துவிடுங்கள். அழுத்தத்துக்கேற்ப தடிமன் மாற வேண்டுமென்றால் 'எடிட்' மெனுவின் 'இன்புட் டிவைசஸ்' பலகையில் பேனாவின் நிலை 'ஸ்கிரீன்' என்று இருக்க வேண்டும், 'டிஸேபிள்டு' என்று இருந்தால் அழுத்தம் வராது. மாற்றிவிட்டு அதிலேயே உள்ள சேமிப்புப் பொத்தானை அழுத்த மறக்காதீர்கள்.

இனி மறுநாள் காலைக் கோளாறு. இதுதான் என் நேரத்தை அதிகம் தின்றது. காரணமோ தினமும் என் கண்ணெதிரே வந்து நின்றிருக்கிறது. இங்க்ஸ்கேப் திறக்கும்போதெல்லாம் ஒரு சின்னச் செய்திப் பெட்டி வரும். 'ஓகே' அழுத்துவேன், போய்விடும். ஏறக்குறைய இரண்டு வாரம் அதைப் படிக்காமலே ஓகே அழுத்தியிருக்கிறேன். ஒருநாள் அலுத்துப்போய் உட்கார்ந்து படித்தேன். விருப்பக் கோப்பு சரியான எக்ஸ்எம்எல் ஆவணமாக இல்லை, ஆகவே இயல்பு அமைப்போடு ஓடும், புதிதாகச் செய்யும் அமைப்புகள் சேமிக்கப்படமாட்டா என்று தெளிவாகப் போட்டிருந்தது. சேமிக்கப்படமாட்டா என்று அது சொல்லிவிட்டுத்தான் செய்திருக்கிறது. நான்தான் கேட்கவில்லை.

இதன் உள்விவரம் இப்படி. கருவிகளின் சொந்தப் பாணி, பென்சிலின் மென்மை அளவு, கடைசியாகப் பயன்பட்ட பாணி, சன்னல் இருந்த இடம் எல்லாமே 'பிரிஃபரன்சஸ்.எக்ஸ்எம்எல்' என்ற ஒரே கோப்பில் இருக்கின்றன. திறக்கும்போது இங்க்ஸ்கேப் இதைப் படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது, முறையாக மூடும்போது திரும்ப எழுதுகிறது. எழுதிக்கொண்டிருக்கும் அந்த நொடியில் மின்சாரம் போனால் கோப்பு பாதியில் நிற்கலாம், அல்லது வெற்றாகிவிடலாம். எனக்கு நடந்தது அதுதான். வேலை எடுத்த முதல் வாரத்தில், மூடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது, யுபிஎஸ் பேட்டரி அதற்கு முன்பே செத்திருந்தது. போய்ப் பார்த்தால் கோப்பின் அளவு 0 கேபி. அதன் பிறகு நான் செய்த ஒவ்வொரு மாற்றமும் அன்றைய தினத்துக்கு மட்டும் உயிரோடு இருந்தது. மின்தடை இல்லாமலும் இதன் இளைய வடிவம் ஒன்று நடக்கும்: மென்பொருள் உறைந்துபோய் 'டாஸ்க் மேனேஜர்' வழியாகக் கொன்றால், அதற்கு எழுத வாய்ப்பே கிடைக்காது. அன்று நீங்கள் செய்த அமைப்பு மாற்றங்கள் போய்விடும், ஆனால் கோப்பு கெடாது, முந்தைய அமைப்பு திரும்பிவரும். முக்கியமான அமைப்பு ஏதாவது மாற்றினால் உடனே ஒருமுறை ஒழுங்காக மூடித் திறந்துவிடுவது இதனால்தான் நல்லது.

கெட்டுப்போன கோப்பைச் சரிசெய்ய, 'பிரிஃபரன்ஸஸ்' சன்னலில் 'சிஸ்டம்' பக்கத்துக்குப் போங்கள். விருப்பக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற முழு முகவரி அங்கே இருக்கும். குறித்துக்கொண்டு இங்க்ஸ்கேப்பை மூடுங்கள். அந்தக் கோப்புறையைத் திறந்து கோப்பின் பெயரை மாற்றுங்கள், 'பழையது' என்று ஏதாவது சேர்த்தால் போதும், அழிக்க வேண்டாம். மறுபடி இங்க்ஸ்கேப்பைத் திறந்தால் கோப்பு இல்லாததைக் கண்டு புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். செய்திப் பெட்டி வராது. இப்போது பென்சிலையும் வட்டத்தையும் மேலே சொன்னபடி அமைத்து, மூடி, திறந்து, ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். நின்றால் உடனே அந்தக் கோப்பை ஒரு பென்டிரைவில் நகலெடுத்து வையுங்கள். அடுத்த தடவை கெட்டால் நகலைத் திரும்ப வைப்பது அரை நிமிட வேலை. கோப்பு கெடாமல் அமைப்பு மட்டும் குழம்பியிருந்தால் அதே 'சிஸ்டம்' பக்கத்தில் உள்ள 'ரீசெட் பிரிஃபரன்ஸஸ்' பொத்தானும் உண்டு. ஆனால் அது எல்லாக் கருவிகளின் அமைப்பையும் சேர்த்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோகும், அதற்கு முன்னும் நகல் எடுத்துக்கொள்வது நல்லது.

லினக்ஸில் இருப்பவர்களுக்கு இந்தக் கோப்பு வீட்டுக் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் '.கான்ஃபிக்' கோப்புறையில் இருக்கும். ஃபிளாட்பேக் வடிவில் நிறுவியிருந்தால் '.வார்' என்ற மறைகோப்புறைக்குள் வேறொரு தனி இடம். ஒரே கணினியில் ஃபிளாட்பேக் ஒன்று, சாதாரண நிறுவல் ஒன்று என இரண்டும் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனி விருப்பக் கோப்பு. ஒன்றில் வைத்த அமைப்பு மற்றதில் இல்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. இந்தக் கோப்பைத் திருத்தி எழுதத் தெரிந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இங்க்ஸ்கேப் திறந்திருக்கும்போது திருத்தாதீர்கள். மூடும்போது தன் நினைவகத்தில் உள்ளதை அது எழுதும், உங்கள் திருத்தம் காணாமல் போகும். இரண்டு இங்க்ஸ்கேப் தனித்தனியாக ஓடினாலும் இதே கதைதான், கடைசியாக மூடப்படுவது எழுதியதே நிற்கும். சந்தேகம் இருந்தால் 'டாஸ்க் மேனேஜர்' பட்டியலில் எத்தனை ஓடுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். கோப்புகளை ஒரே இங்க்ஸ்கேப்பின் 'ஃபைல்' மெனு வழியாகத் திறந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

பெரிதாக்கும்போது மாறும் சங்கதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எழுத்தோவியக் கருவியான கேலிகிராஃபி பேனாவின் அகலம், இயல்பாகத் திரையின் உருப்பெருக்கத்தைச் சார்ந்தது. திரையில் எப்போதும் ஒரே அகலமாகத் தெரியும். ஆகவே 100 சதவீதத்தில் இழுத்ததும் 400 சதவீதத்தில் இழுத்ததும் தாளில் நாலு மடங்கு வித்தியாசப்படும். அந்தக் கருவியின் விருப்பப் பக்கத்தில் அகலத்தை நிலையான அளவில் வைக்கும் குறியைப் போட்டுவிடுங்கள். பென்சிலில் தடிமன் அப்படி மாறாது, ஆனால் 'ஸ்மூத்திங்' மாறும். 30 என்ற மென்மை அளவு, தூரத்திலிருந்து இழுத்தால் வளைவை நன்றாக வழவழப்பாக்கும், நெருக்கத்தில் இழுத்தால் கை நடுக்கத்தையெல்லாம் அப்படியே காட்டும். எண் மாறவில்லை, அதன் விளைவு மாறுகிறது. சிக்குக் கோலத்தின் வளைவுகள் ஒன்றுபோல இருக்க வேண்டுமானால் ஒரு கோலத்தை ஒரே உருப்பெருக்கத்தில் முடியுங்கள். விசைப்பலகையில் 1 அழுத்தினால் உண்மை அளவு, 5 அழுத்தினால் முழுத்தாள்.

புதுக் கோப்பில் மாறுபவை வேறு ரகம். அலகு, தாள் அளவு, வழிகாட்டும் கட்டவலை ஆகியவை ஆவணத்தோடு ஒட்டியவை. விருப்பக் கோப்புக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. இடைப்புள்ளிக் கோலங்களுக்கு நான் குறுக்கே 5 மி.மீ., நெடுக்கே 10 மி.மீ. வலை போட்டுக்கொள்வேன், ஒன்றுவிட்டு ஒன்றாகச் சந்திப்புகளில் புள்ளி விழும். ஒவ்வொரு புதுக் கோப்பிலும் இதைப் போட்டுப் போட்டுக் கை ஓய்ந்தது. ஒரு வெற்றுக் கோப்பில் எல்லாவற்றையும் அமைத்துவிட்டு 'ஃபைல்' மெனுவில் 'சேவ் டெம்ப்ளேட்' கொடுத்து, இயல்பு வார்ப்புருவாக வைக்கும் குறியையும் போட்டால், புதுக் கோப்பு எல்லாமே அப்படித்தான் திறக்கும். புள்ளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை: 15-லிருந்து 8 வரை இடைப்புள்ளி என்றால் மொத்தம் 169 புள்ளி. அத்தனையையும் கையால் வைப்பதை விட ஒரு புள்ளி வைத்து 'எடிட்' மெனுவின் 'குளோன்' வழியாகப் பெருக்கினால், பிறகு மூலப் புள்ளியின் அளவையோ நிறத்தையோ மாற்றும்போது எல்லாம் சேர்ந்து மாறும்.

ஏற்கனவே கெட்டுப்போன 22 கோலங்களைத் திருத்தியது எப்படி என்று கேட்பீர்கள். மெலிந்த கோடு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, 'எடிட்' மெனுவில் 'செலெக்ட் சேம்' வழியே 'ஸ்ட்ரோக் ஸ்டைல்' கொடுத்தால் அதே தடிமன் உள்ள எல்லாக் கோடும் ஒன்றாகப் பிடிபடும். சரியான இழையை முன்பே கண்ட்ரோல் + சி கொடுத்து வைத்திருந்தால், கண்ட்ரோல் + ஷிஃப்ட் + வி அழுத்தியதும் அதன் பாணி எல்லாவற்றிலும் ஏறும். கோலத்துக்கு இரண்டு நிமிடம் ஆனது. மி.மீ. அலகில் அமைந்த கோப்புகளில் இந்த மெல்லிய கோட்டின் தடிமன் 0.264583 என்ற எண்ணாகத்தான் எழுதப்பட்டிருக்கும். ஒரு பிக்சல் என்பது அங்குலத்தில் 96-ல் ஒரு பங்கு, அதை மி.மீ.-ல் சொன்னால் அந்த எண். இங்க்ஸ்கேப் படத்தைச் சேமிக்கும் எஸ்விஜி வடிவம் வெறும் எழுத்துக் கோப்புதான் என்பதால், அந்த எண்ணைத் தேடி 1.2 என்று மாற்றும் வேலையைப் பல கோப்புகளில் ஒரேயடியாகச் செய்யலாம். நகலில் மட்டும் செய்யுங்கள். கோலத்தைக் குழுவாக்கிப் பெரிதுபடுத்தியிருந்தால் அந்தக் குழுவின் பெருக்கம் 1.2-ஐயும் பெருக்கிவிடும், எனக்கு மூன்று கோலத்தில் அப்படி ஆனது. பெரிதுபடுத்தும்போது தடிமன் மாறக் கூடாது என்றால், தேர்வுக் கருவியின் மேல் பட்டையில் கோட்டுத் தடிமனையும் சேர்த்து மாற்றும் பொத்தானை அணைத்துவிட்டுப் பெரிதுபடுத்துங்கள்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சர்வீஸுக்கு 600, தேவையில்லாத பலகைக்கு 3,800, இரண்டு சுற்று மாதிரிப் படிக்கு 1,400, ஆக 5,800. கையில் நின்றது 3,800. பத்து நாளில் முடிய வேண்டிய வேலையில் மேற்கொண்டு 19 நாள் போனது. புத்தகம் மார்கழி பிறந்து நான்காம் நாள்தான் கடைக்கு வந்தது. யுபிஎஸ்ஸுக்கு முதல் வாரமே பேட்டரி மாற்றியிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது.

கிரேடியன்ட் இழை மட்டும் இன்னமும் பென்சிலில் நிற்காது, நிற்கவும் வழியில்லை. அதற்காக வார்ப்புருவிலேயே தாளுக்கு வெளியே இடது ஓரத்தில் மூன்று மாதிரிக் கோடுகளைப் போட்டு வைத்திருக்கிறேன்: காவி 1.2, வெள்ளை 1.2, காவியிலிருந்து மஞ்சளுக்கு மாறும் கிரேடியன்ட். சாதாரணமாக இழுத்துவிட்டு, மூன்றாவதை நகலெடுத்துப் பாணியை மட்டும் ஒட்டுகிறேன். தாளுக்கு வெளியே இருப்பதால், ஏற்றுமதியில் 'பேஜ்' என்று தேர்ந்தெடுத்தால் அவை வராது. வரைந்தது முழுவதும் என்று தேர்ந்தெடுத்தால் வந்துவிடும், கவனம்.